விரிசல் சார் ஒட்டிய ஒன்பது கண்ணாடிகள்

திண்டுக்கல் வட்டாரத்தில் எந்தச் சுவரில் விரிசல் விட்டாலும் அது விரிசல் சாருக்குத்தான் சொந்தம். பட்டா யார் பேரில் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. சுவர் வீட்டுக்காரருடையது, விரிசல் அவருடையது.

ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. அதில் கட்டுமானத் துறை ஆய்வகத்தில் நான் உதவியாளர். கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நொறுக்குவது என் தொழில். அவர் அங்கே உதவிப் பேராசிரியர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், நெய்க்காரப்பட்டிக்காரர். 'ங்க' போடாமல் அவரால் கொட்டாவிகூட விட முடியாது. என்னை அண்ணா என்பார், நான் அவரை சார் என்பேன். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் விரிசல் சார்.

அவருடைய முறை எளிமையானது. விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் பிசின் போட்டு ஒட்டுவார். மேலே மார்க்கரால் தேதி எழுதுவார். விரிசல் மயிரிழை அளவு விரிந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, உடையாவிட்டால் அடங்கிவிட்டது. இந்த வேலைக்கு வெளிநாட்டுக் கருவிகள் உண்டு. அதைக் கேட்டு அவர் கொடுத்த விண்ணப்பத்தின் மேல் அலுவலகத்தில் டிபன் கேரியர் வைத்திருந்ததை நானே பார்த்தேன். அதனால் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் போய் மிச்சக் கண்ணாடியை வாங்கி வருவார். முருகனுக்கும் மாதாவுக்கும் போக மீதி எங்கள் ஆராய்ச்சிக்கு.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துதான். பெண் காபித் தட்டோடு வந்து நிற்கிறாள். இவர் அவள் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய அம்மா இடித்து, "புடிச்சிருக்காடா?" என்று கேட்க, "பீம் தொய்ஞ்சிருக்குதுங்கம்மா" என்றாராம். கூடவே பெண்ணின் அப்பாவிடம் ஏணி கேட்டிருக்கிறார். சம்பந்தம் அன்றைக்கே முறிந்தது. ஆனால் ஒட்டிய கண்ணாடியைப் பார்க்க மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் வந்தார். பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆன பிறகும் போனார். மாப்பிள்ளைதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாராம்.

செம்பட்டியில் ஒரு டீக்கடை. வடையைக் கையில் எடுத்த சார் கூரையைப் பார்த்ததும் அதை அப்படியே வைத்துவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் வெளியே வரச் சொன்னார். கடைக்காரர் கரண்டியோடு பாய்ந்தார்.

"ஏலே, யாவாரத்தக் கெடுக்கவா வந்திருக்க?"

"கோவிச்சுக்காதீங்க. இந்தக் கண்ணாடி உடைஞ்சா மட்டும் ஒரு போன் போடுங்க."

மூன்றாம் மாதம் போன் வந்தது. கடைக்காரர் கூரையைப் பிரித்துக் கட்டினார். அதற்குப் பிறகு செம்பட்டியில் விரிசல் சார் டீ குடிக்காமல் பஸ் மாற முடியாது.

துறையின் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ அனுப்புவார்கள். இவர் விரிசலின் படம் அனுப்புவார், பக்கத்தில் அளவுகோலோடு. பாதிப் பேர் அவர் படத்தை மறைத்து வைத்திருந்தார்கள். மீதிப் பேர் அவரையே மறைத்துவிட ஆசைப்பட்டார்கள்.

காரணம் இருந்தது. எங்கள் கல்லூரியின் பின்கட்டடம் பழைய குளத்தை மண் கொட்டி மூடி, அதன்மேல் எழுப்பிய மூன்று மாடி. நிர்வாகம் அதை மறந்துவிட்டது, தவளைகள் மறக்கவில்லை. மழைக்கு மழை வரைபடக் கூடத்துக்குள் வந்து தங்கள் பூர்வீகத்தைப் பார்த்துவிட்டுப் போகும். அந்தக் கூடத்து வாசல் சுவரில்தான் சார் ஒன்பது கண்ணாடிகளை ஒட்டியிருந்தார். மூடிய குளத்து மண்ணில் கட்டடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதே அவருடைய ஆராய்ச்சி, ஐந்து வருட உழைப்பு. கோடையில் மண் சுருங்கிச் சுவரை இழுக்கும், ஆபத்து அப்போதே ஆரம்பித்துவிடும், மழை வந்து முடித்துவைக்கும் என்பது அவர் கணக்கு.

அந்த வருடம் கோடை விடுமுறையில் ஆய்வேட்டு வேலையாகப் பல்கலைக்கழகம் போகும்போது, கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கோடையில் கண்ணாடிகள் உடைந்தால் பின்கட்டடத்தைப் பூட்ட வேண்டும், பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது என்று எழுதியிருந்தார்.

மே மாதத்தில் ஒன்பதில் ஏழு உடைந்தன.

ஜூனில் அங்கீகாரக் குழு வரவேண்டியிருந்தது. முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, டீம் வர்ற நேரத்துல செவுரு பூரா உடைஞ்ச கண்ணாடி. நல்லாவா இருக்கு? எடுத்துட்டுப் புதுசு ஒட்டிரு. தேதி மட்டும் பழைய தேதியே இருக்கட்டும்."

"சார் வந்தா என்ன சொல்றதுய்யா?"

"அவரு வந்து பாத்தா சந்தோசப்படுவாரு. ஒன் பெர்மனன்ட் ஆர்டர் டேபிள் மேலதான் கெடக்கு. கையெழுத்துப் போட நேரமில்லாம இருக்கேன்."

ஆறு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவன் நான். ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி அலுவலக வாசலில் நின்றவன். யோசித்தேன் என்றுகூடப் பொய் சொல்ல மாட்டேன், யோசிக்கவில்லை. அதே சட்டக் கடைக்குப் போனேன். "சார் வரலையா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் துண்டுகளை அறுத்துக் கொடுத்தார். சார் எழுதுவதைப் பார்த்துப் பதிவேட்டில் படியெடுப்பது என் வேலைதான். ஏழு என்ற எண்ணின் நடுவில் அவர் போடும் குறுக்குக் கோடு உட்பட எனக்கு அத்துப்படி. ஏழு கண்ணாடியையும் ஒட்டி ஏழு தேதியும் எழுதினேன். உடைந்த சில்லுகளைக் கொட்ட மனம் வராமல் ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, ஆய்வக அலமாரியின் அடியில் தள்ளினேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சாமியாரிடம், கோபப்பட்டேன், வெள்ளிக்கிழமை கறி தின்றேன் என்று சில்லறைப் பாவங்களாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

திரும்பி வந்த சார் பையைக்கூட வைக்காமல் நேரே சுவருக்குப் போனார். ஒன்பதையும் தடவிப் பார்த்தார். பிறகு ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கைகூப்பினார்.

"நான் தப்பாச் சொல்லிட்டனுங்க. ஒண்ணுகூட உடையலீங்க. கட்டடம் அடங்கிருச்சுங்க. எல்லாத்தையும் பயமுறுத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"அதெல்லாம் எதுக்கு சார்! வாயால சொன்னத அப்படியே ஒரு லெட்டராக் குடுத்துருங்க, போதும்" என்றார் முதல்வர், பெருந்தன்மையாக. சார் எழுதிக் கொடுத்தார். எல்லோருக்கும் பால்கோவாவும் கொடுத்தார். என் கையில் இரண்டு துண்டு வைத்து, "அண்ணா, நான் தோத்ததுல இத்தன சந்தோசப்பட்டதே இல்லீங்க. பசங்க நல்லா இருப்பாங்க" என்றார். அந்தப் பால்கோவாவை நான் தின்றேன். தின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. ஞாயிறு காலை, வழக்கம்போலக் கண்ணாடி பார்க்க வந்தவர் ஒன்பதும் உடைந்திருப்பதைக் கண்டார். பத்து மணிக்குச் சிறப்பு வகுப்பு. கூடம் திறந்து கிடந்தது, பூட்டலாமென்றால் வாட்ச்மேன் அந்தோணியிடம் சாவி இல்லை. கூடத்து பெஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து வாசலை அடைத்திருக்கிறார். "நாலாவது பெஞ்ச இழுக்குறப்ப அம்புட்டும் விழுந்துருச்சுண்ணே" என்று அந்தோணி எனக்குப் போனில் அழுதான். வாசலுக்கு மேலிருந்த கான்கிரீட் சன்ஷேடு விழுந்தது. பிள்ளைகள் அப்போதுதான் கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சாரின் இடது கால் நசுங்கிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "கோடை பூரா உடையாத கண்ணாடி மழைக்கு எப்படீங்கண்ணா உடையும்? அப்ப அஞ்சு வருசமா நான் எழுதுனது பூராத் தப்புங்க. ஆய்வேட்ட வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதிரலாம்னு இருக்கறனுங்க" என்றார். தலையணைக்குப் பக்கத்தில் காகிதமும் பேனாவும் தயாராக இருந்தன.

சொல்லிவிட்டேன். முதல்வர், ஆர்டர், சட்டக் கடை, குறுக்குக் கோடு போட்ட ஏழு எல்லாம் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்: "எத்தன உடைஞ்சிருந்துச்சுங்க?"

"ஏழு சார்."

"எந்த ஏழுங்க? மேலிருந்தா, கீழிருந்தா?"

"அடியில உள்ள ரெண்டும் தப்பிச்சிருச்சு சார். சில்லு அம்புட்டும் பாட்டில்ல வச்சிருக்கேன்."

"அப்ப கண்ணாடி சரியாத்தான் சொல்லியிருக்குதுங்க" என்றார். முகத்தில் ஒரு கணம் அப்படி ஒரு வெளிச்சம். அது அடங்கியதும் என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒரு விரிசல்கூட இல்லை.

விசாரணைக் கமிட்டி என்று ஒன்று உட்கார்ந்தது. கட்டடம் அடங்கிவிட்டது என்று சார் எழுதிக் கொடுத்த கடிதம் கண்ணாடிச் சட்டம் போடாத குறையாக மேசை நடுவில் இருந்தது. தவறான அறிக்கை கொடுத்தவர் அவர், ஆகவே பொறுப்பும் அவருடையது. நான் நடந்ததை எழுதி, கையெழுத்திட்டு, ஊறுகாய் பாட்டிலையும் கொண்டுபோய் வைத்தேன். தலைவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இவரு இன்ஜினியர் இல்ல. இவரு சொல்றத டெக்னிக்கலா எடுத்துக்க முடியாது" என்றார். சாரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அடுத்த வாரம் என்னையும் அனுப்பினார்கள். முதல்வர் இன்றும் முதல்வர்தான். ஆனால் பெற்றோர்கள் திரண்டு வந்து சத்தம் போட்டதில் பின்கட்டடத்தைப் பூட்டினார்கள். அதை சாருக்குப் போனில் சொன்னேன். "பூட்டிட்டாங்களா? சரிங்க" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். அண்ணா என்று சொல்லவில்லை.

ஐந்து மாதம் ஒரு தகவலும் இல்லை. ஒரு சனிக்கிழமை, அகரத்தில் என் வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு நின்றார்.

"மேக்கால செவுத்துல ஒரு விரிசல் இருக்குதுன்னு எப்பவோ சொன்னீங்க இல்லீங்களா?"

உள்ளே வந்தார். கண்ணாடி ஒட்டினார். தேதி எழுதினார். நான் கொடுத்த ஊறுகாய் பாட்டிலை வாங்கிப் பையில் பத்திரமாக வைத்தார். என் மனைவியிடம் மட்டும் திரும்பி, "அக்கா, இத யாரும் மாத்தாமப் பாத்துக்கோங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்றுதான் மனைவி சொல்கிறாள். நான் தலை நிமிரவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை நெய்க்காரப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். கண்ணாடியைப் பார்க்கிறார், குறித்துக்கொள்கிறார், காபி குடிக்கிறார். போன மாதம் படியிறங்கும்போது, "வர்றனுங்கண்ணா" என்றார். மகளுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது, அந்த விரிசலைப் பூசி வெள்ளையடித்தால் என்ன என்று மனைவி தினமும் கேட்கிறாள். வீடு முழுக்க அடிக்கச் சொல்லிவிட்டேன், அந்தச் சுவரைத் தவிர. அதையும் பூசிவிட்டால் அவர் எதற்கு வருவார்?