தராசு நானா சோதிக்காத தராசு

கல்முனையில் சாதி, சமயம், படிப்பு, பதவி எதையும் பார்க்காமல் மனிதர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியவர் தராசு நானா ஒருவர்தான். எல்லோரையும் ஒரே மாதிரிச் சந்தேகித்தார். பள்ளிவாசல் தலைவரையும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரையும், மீன் விற்பவரையும் மருந்து எழுதும் டொக்டரையும் ஒரே கண்ணால்தான் பார்த்தார். அந்தக் கண்ணும் பாதி மூடித்தான் இருக்கும்.

தொழில் தராசு திருத்துவது. சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் "யார் கேக்கிற?" என்றுதான் திரும்பியிருப்பார். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு நூறு கிராம் பித்தளைக் கல், லேஞ்சிக் கைக்குட்டையில் சுற்றிக் கிடக்கும். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அந்தக் கல்லைத் தராசில் வைப்பார், முள்ளையோ நம்பரையோ பார்ப்பார், பிறகுதான் வெங்காயம் கேட்பார். பாட்டுப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிப் பாண், பணிஸ் விற்கும் ஓட்டோ, அவர் வீடு இருந்த ஒழுங்கைக்குள் வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டு மெல்ல ஊர்ந்து போகும். ஒரு றாத்தல் பாண் வாங்க அவர் வந்தால் அன்றைய வியாபாரம் அவ்வளவுதான்.

நான் அப்போது சமூக சேவை உத்தியோகத்தர். பாண்டிருப்பிலிருந்து வந்து போவேன். ஒரு நாள் காலை தராசு நானா என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய மகள் ரிஸ்னா. எழுத்து அவளிடம் தங்காது. பேச்சு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வரும். பாடசாலையின் விசேட அலகில் பத்து வருடம் படித்தவள். பதினாறு முடிந்துவிட்டதால் இனி எங்கே அனுப்புவது என்று பாருங்கள் என அங்கிருந்து ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"மிஸ், இதுல என்ன எழுதியிரிக்கி?"

வாசித்துச் சொன்னேன்.

"பதினாறு முடிஞ்சா என்ன? நேத்து இரிந்த புள்ளதானே இண்டைக்கும் இரிக்கி. ஆருக்கு இப்ப அவசரம்?"

"அவசரமில்ல நானா. அங்க வயசுக் கணக்கு அப்பிடி. மற்ற இடங்கள் இருக்கு, பாப்பம்" என்று மூன்று பயிற்சி இடங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணும் ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள்ற இடமா?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. அரசாங்க மேசைக்குப் பின்னால் இருப்பவள் கோபப்படக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். சொல்லித் தந்தவர்கள் தராசு நானாவைச் சந்தித்திருக்க மாட்டார்கள்.

அவருடைய சந்தேகத்துக்கு என்ன காரணம் என்பதை அன்றே சொல்லிவிட்டார், அதனால்தான் தாங்கிக்கொண்டேன். மனைவி போய்ப் பல வருடம். வேறு பிள்ளைகள் இல்லை. "எனக்கு அறுபத்தெட்டு மிஸ். நான் மௌத்தாகின அடுத்த நாள் இவள் எங்க போவாள், ஆரோட இரிப்பாள் எண்டு எனக்கு இப்ப தெரியணும். நான் போன பொறகு வந்து பாக்க ஏலாதே." ரிஸ்னா அந்த நேரம் என் மேசையிலிருந்த கடதாசி அமுக்கும் கல்லைத் தூக்கிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் சிலர் அவளை வீட்டோடு வைத்திருக்கச் சொன்னார்களாம். அவர்களையும் அவர் விடவில்லை. "நாளைக்கு அவங்கட ஊட்டுச் சட்டி கழுவ ஆள் தேடுறாங்க, வேற என்ன?"

முதல் இடம் தையல் வகுப்பு. நானும் கூடப் போனேன். கண்ணாடி அலுமாரி நிறையத் தலையணை உறைகள், பிள்ளைகள் தைத்தவை என்று அட்டை வேறு. நானா ஒன்றை எடுத்து உள்பக்கம் புரட்டினார். இன்னொன்றையும் புரட்டினார்.

"எல்லாம் ஒரே கையால தச்ச மாதிரி இரிக்கி. இதத் தச்ச புள்ள ஆரு டீச்சர்?"

டீச்சர் பொதுவாக ஒரு பக்கம் கையைக் காட்டினார்.

"இன்னொண்டு தைக்கச் செல்லுங்க. எனக்கு நேரம் இரிக்கி. நான் இரிந்து பாக்கன்."

இருந்தார். தேத்தண்ணி வந்தது, குடிக்கவில்லை. ஒரு மணித்தியாலம் கழித்து டீச்சர், பார்வையிட வருகிறவர்களுக்காகத் தானே தைத்து வைத்ததையும் பிள்ளைகள் பெரும்பாலும் நூல் வெட்டுவதையும் மெல்லச் சொன்னார். வெளியே வந்ததும் நானா கையை விரித்தார். "நூல் வெட்ட எங்கட ஊட்டிலயும் கத்தரிக்கோல் கெடக்கு மிஸ்." அவர் சொன்னது சரியாகப் போனது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆண்டவனே, இந்த மனிதர் இனி நிற்க மாட்டார் என்று அப்போதே நினைத்தேன்.

இரண்டாவது இடம் தங்கிப் படிக்கும் விடுதி. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கழுவித் துடைத்து வெள்ளையாக இருந்தது. நானா குளியலறைக் கொண்டியை உள்ளே நின்றும் வெளியே நின்றும் போட்டுப் பார்த்தார். சமையலறையில் பருப்புச் சட்டியைத் திறந்து முகர்ந்தார். விடைபெற்று வாசல்வரை வந்ததும் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி ஓடினார். வந்தார். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது மறுபடி குடை இல்லை. மறுபடி ஓடினார். மூன்றாவது முறை நான் கேட்டேன், "நானா, வேணுமெண்டுதானே விட்டிட்டு வாறீங்க?"

"நாம வாற நேரம் ஒரு முகம் வச்சிரிப்பாங்க மிஸ். நாம போன பொறகு இரிக்கிற முகத்தத்தான் நான் பாக்கணும்."

"பாத்தீங்களா?"

"பாத்தன். அதே முகம்தான் இரிக்கி."

"அப்ப நல்லதுதானே."

"ஒரு குறையும் இல்லாத இடத்தில என்னமோ இரிக்கி" என்றார். பஸ்ஸில் ஏறும்போது ரிஸ்னா அவருடைய சட்டையின் பின்பக்கத்தைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். அதை அவரும் கண்டார், நானும் கண்டேன். 

இதற்கிடையில் என்னைப் பற்றியும் விசாரித்திருக்கிறார். எங்கள் ஊர் மரக்கறிக் கடைக்காரர்தான் வந்து சொன்னார். நான் நேரே நானாவின் கடைக்குப் போய்க் கேட்டேன். தராசு நானா ஒரு தட்டைக் கழற்றிக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"ஓம், கேட்டன். நீங்க நிறுவை பாக்காம வாங்கிற ஆளாம். அவன் பையில போடுறத அப்பிடியே தூக்கிட்டுப் போறீங்களாம். சொந்தச் சோத்துக்கே கவனமில்லாத ஆள், மத்த ஆள்ற புள்ளய எப்பிடிக் கவனிக்கும்?"

  ரிஸ்னா கீழே பாயில் உட்கார்ந்து எடைக்கற்களைத் துடைத்து மரப்பெட்டியின் குழிகளில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் இருந்த எழுத்தை அவள் பார்க்கவேயில்லை. கையில் எடுப்பாள், ஒரு கணம் வைத்திருப்பாள், அதற்குரிய குழியில் போடுவாள்.

"நல்லா அடுக்கிறாளே" என்றேன்.

"சும்மா பராக்குக்கு மிஸ். சின்னதில இரிந்து செய்யிறாள்" என்றார் நானா, திரும்பிப் பார்க்காமல்.

மூன்றாவது இடம் மாவடிப்பள்ளிப் பக்கம். மிளகாய்த்தூள், மல்லித்தூள் நிறுத்துப் பொதி செய்யப் பழக்கும் நிலையம். ஒரு வருடப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வரலாம். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள் என்றார்கள். நானா வழக்கம்போலக் கொண்டியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தேத்தண்ணி போடும் பெண்ணிடம் அவளுடைய தகப்பன் பெயரைக் கேட்டார். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. பொதி செய்யும் மேசையில் இருந்த தராசைக் கண்டதும் அவர் முகம் முதல்முறையாக மலர்ந்தது. அதன் ஓரத்தில் அவர் கடையின் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. போன வருடம் அவர்தான் அதைத் திருத்திக் கொடுத்தாராம்.

"இத நான் பாக்கத் தேவையில்ல" என்றார். கல்லைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை. அவர் ஒரு தராசைச் சோதிக்காமல் தாண்டிப் போனதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

பயிற்றுனர் ஒரு தம்பி, பொறுமையான ஆள். நூறு என்று நம்பர் வந்ததும் பையை எடுத்து மூட வேண்டும் என்று ரிஸ்னாவுக்குக் காட்டினார். அவள் முதல் பையில் தூளைப் போட்டாள். நூறு வந்தது. பையை எடுத்துக் கையில் வைத்தாள். மூடாமல் மறுபடி தராசில் வைத்தாள்.

"மூடுங்க தங்கச்சி" என்றார் தம்பி.

"கொறயிது."

"இல்ல, நூறு காட்டுது. பாருங்க."

"கொறயிது" என்றாள் ரிஸ்னா. பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

சுவரோரம் கதிரையில் இருந்த நானா எழும்பி வந்தார். மகள் முதல் நாளே பிழை விட்டாளே என்ற வெட்கம் முகத்தில் தெரிந்தது. "மகள், அது வாப்பா திருத்தின தராசு. அது பொய் செல்லாது."

"பொய் செல்லுது வாப்பா."

 வேறு வழியில்லாமல் நானா சட்டைப்பையிலிருந்து கல்லை எடுத்தார், லேஞ்சியை அவிழ்த்தார், தராசில் வைத்தார். நூற்றேழு காட்டியது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். நூற்றேழு. அப்படியென்றால் இத்தனை நாளாக அங்கே கட்டிய ஒவ்வொரு பையிலும் தூள் குறைவு. நான் கணக்குப் போட்டுக் கண்டதை அவள் கை முன்னமே சொல்லிவிட்டிருந்தது.

"ஆரோ கீழ போட்டிரிக்கிறாங்க" என்றார் நானா.

"இல்ல நானா, நீங்க தந்த நாள்ல இருந்து இந்த மேசையிலதான் இருக்கு" என்றார் தம்பி.

"எலி ஏறியிரிக்கும்."

 நானா தராசைத் தூக்கிக்கொண்டு போய் நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு திருகாணி சரியாக இறுக்கப்படவில்லை. அதை இறுக்காமல் விட்டவர் அவர்தான், அது அவருக்கும் தெரிந்தது. காதெல்லாம் சிவந்து போய்விட்டது. அரை நாள் இருந்து திருத்தினார். முடிந்ததும் கல்லை வைத்து நூறு வருகிறதா என்று பார்த்தார், வந்தது. பிறகு நிமிர்ந்து மகளைப் பார்த்து, "நீ ஒருக்காப் பாரு" என்றார்.

ரிஸ்னா தூளை நிறுத்தாள், பையைக் கையில் வைத்தாள், நேரம் எடுத்துக்கொண்டாள். அந்த மனிதர் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் அதற்கு முன்போ பின்போ கண்டதில்லை.

"இப்ப சரி" என்றாள். பையை மூடினாள்.

நானா அவளுக்கு எதிரே குந்தினார். "மகள், இஞ்ச வர உனக்கு விருப்பமா?" இத்தனை இடம் அலைந்தோம், இத்தனை கொண்டியைப் போட்டுப் பார்த்தோம், அவளிடம் இதைக் கேட்டது அப்போதுதான். எனக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்று உள்ளுக்குள் சுட்டது.

ரிஸ்னா யோசித்தாள். "ஓம். தராச நான்தான் பாப்பன்" என்றாள். தம்பி சம்மதித்தார்.

அடுத்த நாள் கையெழுத்து வைக்க வந்த நானா, படிவத்தை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பேனையை எடுத்தார்.

"மிஸ், நான் எல்லாரையும் சந்தேகப்பட்டன். இவள மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படல்ல."

"நல்லதுதானே நானா. பெத்த புள்ள."

"நல்லதில்ல மிஸ். ஏலாத புள்ள எண்டு நினைச்சிட்டன். ஏலும் எண்டு நினைச்சாத்தானே சந்தேகம் வரும்?" கையெழுத்தை வைத்தார். 

அதற்குப் பிறகு ரிஸ்னாவுக்கு நிம்மதி போய்விட்டது. மாலையில் வந்ததும் யாரோடு சாப்பிட்டாய், ஏன் பஸ் பிந்தியது, அந்தப் புதுக் காப்பு யார் தந்தது என்று விசாரணை. "வாப்பாக்கு என்னத்துக்கு?" என்று அவள் திருப்பிக் கேட்கிறாளாம். அதை அவர் என்னிடம் முறைப்பாடாகத்தான் சொன்னார். முகம் வேறு மாதிரி இருந்தது.

நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்துக்கு வந்தார். ரிஸ்னா கட்டிய மிளகாய்த்தூள் பை ஒன்றை மேசையில் வைத்தார். "நிறுத்துப் பாருங்க மிஸ்."

"தேவையில்ல நானா. எனக்கு நம்பிக்கை இருக்கு."

அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "இதத்தான் ஒங்களிட்ட நான் அண்டைக்குச் சென்னன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் எங்கள் ஊர் மரக்கறிக் கடையில் இறங்கி, ரிஸ்னா கட்டிய பையைக் கொடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளைத் தராசில் வைக்கச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நூறு காட்டியது. இதைச் சொன்னால் தராசு நானா நம்ப மாட்டார், எந்தக் கடை, எந்தத் தராசு, யார் பார்த்தது என்று கேட்பார். வந்து கேட்கட்டும் என்று அந்தப் பையை இன்னும் உடைக்காமல் வைத்திருக்கிறேன்.