குடையை மடக்கிய மருமகன்

மருமகனுக்கு மரியாதை தெரிந்திருக்க வேண்டும். அதை எங்கே காட்டக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

அன்னவாசல் பக்கம், செம்மண்ணில், என் மாமனார் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார். (முதலில் ஊர் சிரித்தது. காய்த்ததும் அதே ஊர் பந்தலடியில் நின்று பழம் தின்றது.) ஒரு பருவம் குலைகளில் மாவுப்பூச்சி வெள்ளையாய் அப்பிக்கொண்டது. மருந்தடிக்க ஆளை வரச்சொல்லிவிட்டார். என் மனைவி வளர்மதிக்குப் பூச்சிகளை ஆராய்வதுதான் வேலை. குறுக்கே நின்றாள்.

"அதத் திங்கிற பூச்சியும் இங்க இருக்குப்பா. மருந்தடிச்சா அதும் சேந்து செத்துரும். எண்ணிக் காட்டுறேன், பொறுங்க."

"காட்டு. இல்லேன்னா இன்னைக்கே அடிச்சுருவேன்."

குடையைத் தலைகீழாக விரித்துக் கொடிக்குக் கீழே ஏந்த வேண்டும். அவள் குச்சியால் கொடியைத் தட்டுவாள். விழுவதை எண்ண வேண்டும். ஏந்தும் பொறுப்பு எனக்கு. (கவிதை எழுதுகிறவனை நம்பி வேறு எதைக் கொடுப்பார்கள்?)

தட்டினாள். கறுப்புத் துணியில் ஒரு வானமே உதிர்ந்தது. சிவப்புப் பொறிவண்டுகள், கண்ணாடிச் சிறகோடு ஒரு பச்சைப் பூச்சி, எதற்கும் பதறாத சிலந்தி. ஒரு கொடிக்குள் இத்தனை குடித்தனமா!

அந்த நேரம் பார்த்து மாமனார் வந்தார். பெரியவர் எதிரே குடை பிடித்து நிற்கலாமா? சட்டென்று மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வாங்க மாமா" என்றேன்.

"ஐயோ, விரிங்க! விரிங்க!" என்று வளர்மதி அலறினாள்.

விரித்தேன். பழக்கதோஷம், தலைக்கு மேலே.

பந்தலின் ஜனத்தொகை மொத்தமும் என்மேல் இறங்கியது. ஒன்று காதுக்குள் குடிபுகப் பார்த்தது. குதிக்கப் போனேன்.

"அசையாதீங்க! குதிச்சா பறந்துரும்."

அப்படியே என் தலைமயிரை வகிர்ந்து எண்ண ஆரம்பித்தாள். குரலில் ஒரு நடுக்கமில்லை. விரல்கள் ஒரு பூச்சியைக்கூட நசுக்கவில்லை.

"இந்தாங்கப்பா, பொறிவண்டு. இது அதோட புழு. பாக்க மாவுப்பூச்சி மாதிரிதான் வெள்ளையா இருக்கும். ஆனா அதத்தான் திங்கும்."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். மருந்தடிக்க வந்தவரும் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, சார் காலருக்குள்ள அங்கிட்டு ஒண்ணு ஓடுது பாருங்க."

"அதையும் சேத்துக்கங்க" என்றேன், கழுத்தைத் திருப்பாமல்.

கடைசியில் மாமனார் நிமிர்ந்து மருந்தடிக்க வந்தவரைப் பார்த்தார். "நீ கெளம்புப்பா. நம்மகிட்டயே படை இருக்கு."

பந்தல் தப்பித்தது. என் மானம்தான் போயிற்று. இன்றும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் மருந்துக்கடைக்குக் கிளம்பினால் மாமனார் வழிமறித்துக் கேட்கிறார்: "எங்க மாப்ள தலையப் பாத்தாச்சா?"

நான் மாமனார் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் சிலர் நிஜமாகவே வந்து பார்க்கிறார்கள்.