உள்ளே போகாத குண்டு

ஆறு குண்டில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

ஆத்மநாதன் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரிவால்வரின் உருளையைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஓட்டையிலும் குண்டை வைத்துப் பார்த்துவிட்டார். எல்லா ஓட்டையிலும் ஒரே கதைதான். மூக்கு நுனி நுழைகிறது, உடம்பு வெளியே நிற்கிறது.

"சைஸ் மாறிப்போச்சோ என்னமோ?" என்றாள் மனைவி பிரகதீஸ்வரி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

"லைசென்ஸைக் காட்டித்தானே வாங்குனேன்? அதுல போட்டிருக்குற அளவுக்குத்தான் திருச்சிக் கடைக்காரரு எடுத்துக் குடுத்தாரு. அதெல்லாம் கரெக்டா இருக்கு."

வல்லத்திராக்கோட்டையில் அவருக்குக் கடலைச் சாகுபடி. துப்பாக்கி அப்பாவுடையது. மாட்டு வியாபாரத்துக்கு ஊர் ஊராகப் போன காலத்தில் துணைக்கு வாங்கியது. அப்பா ஒரு தடவைகூடச் சுட்டதில்லை, மகனும் சுட்டதில்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதும், முடிந்ததும் வாங்கி வருவதும், ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து விழுந்து கும்பிடுவதும்தான் அதற்கும் அவருக்கும் உள்ள உறவு. அடிக்கடி அதை எடுத்து முகர்ந்து பார்த்து, "அப்பா கை வாசம் இன்னும் போகல" என்பார்.

"எனக்குத் தேங்காண்ணெ வாசந்தான் வருது" என்பாள் பிரகதீஸ்வரி.

இப்போது லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வேலைக்கு ஆகாத துப்பாக்கி என்று எழுதிவிட்டால் லைசென்ஸ் போய்விடும், துப்பாக்கியும் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பாவின் பழைய குண்டெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்ததால்தான் திருச்சிக்கே போனார்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று வெறும் ஈயம், இளக்கமானது. இன்னொன்று வேறு உலோகம் கலந்து கெட்டியாக வார்த்தது, நகத்தால் கீறினாலும் கோடு விழாது. ஆத்மநாதன் ஒரு மணி நேரம் கீறிக் கீறிப் பார்த்துவிட்டுக் கெட்டியையே எடுத்தார். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிற ஆளில்லை அவர்.

"எல்லாம் நீங்க அப்புற சந்தனந்தான். ஓட்டைக்குள்ள போய் அடைச்சிருக்கும்" என்றாள் பிரகதீஸ்வரி.

இது நியாயமாகப் பட்டது. அவள் தலையிலிருந்தே ஒரு ஹேர்பின்னை உருவிச் சுரண்டினார். கொஞ்சம் சந்தனம் உதிர்ந்தது. பின் முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுக்கத் தேங்காய் எண்ணெய் விட்டார். பின் வந்துவிட்டது, ஆனால் துப்பாக்கி வழுக்கிப்போய்க் கீரைக்குள் விழுந்தது.

குண்டு அப்போதும் போகவில்லை.

"கெட்டி ஈயத்த வாங்குனதுதான் தப்பு" என்று முடிவுக்கு வந்தார் ஆத்மநாதன். "அது வளைஞ்சு குடுக்காது. இளக்கமா இருந்தா அமுக்குனா போயிரும்."

"அது என்ன துப்பாக்கியா, இடியாப்ப ஒரலா?"

மறுநாளே திருச்சிக்குப் போய் மாற்றி வந்தார். அவர் சொன்னதில் பாதி சரியாகத்தான் இருந்தது. உள்ளங்கையால் அமுக்க அமுக்க இளக்க ஈயம் வளைந்து கொடுத்துக் கால்வாசி உள்ளே போனது. அதற்கு மேலும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. குறடு போட்டு இழுத்ததில் குண்டின் பின்விளிம்பு நசுங்கியதுதான் மிச்சம். உருளை மூடவே மாட்டேன் என்றது. தெற்றுப்பல் மாதிரி அந்தக் குண்டு துருத்திக்கொண்டு நின்றது.

"லேசா ஒரு தட்டுத் தட்டுனா..." என்று பூரிக்கட்டையைத் தேடினார்.

பிரகதீஸ்வரி அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "குண்ட வச்சுக்கிட்டுத் தட்டுவீங்களாக்கும்? வெடிச்சா யாரு பாக்குறது? பேசாம கெளம்புங்க ஸ்டேஷனுக்கு. போனாப் போகுது, ஒத்த துப்பாக்கிதானே."

அவளுக்கு அது ஒத்தத் துப்பாக்கி, அவருக்கு அப்பாவிடமிருந்து மிஞ்சியது அது ஒன்றுதான். இரண்டு தலையணைக்கு நடுவில் அதை வைத்துக் கட்டி, அவள் மடியில் வைத்துக்கொள்ள, டிவிஎஸ் வண்டியை நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு நாய் வண்டியை முந்திப் போனது.

ஸ்டேஷனில், பெரிய மீசைக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து ஏதோ கைவேலையாக இருந்தார். ரைட்டர் பிளெஸ்ஸி தலையணைக் கட்டைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட்ட அட்மிட் பண்ணனும்னா ஆஸ்பத்திரி அங்கிட்டுங்க" என்றாள்.

ஆத்மநாதன் கட்டை அவிழ்த்தார். கெட்டி ஈயம், சந்தனம், ஹேர்பின், எண்ணெய், இளக்க ஈயம், குறடு என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். சொல்லச் சொல்லக் கண் கலங்கிவிட்டது.

"என்ன வேணா எழுதிக்கங்கம்மா. துப்பாக்கிய மட்டும் எடுத்துக்கிறாதீங்க. எங்கப்பா கை பட்டது. இப்பவும் மோந்து பாத்தா அவரு வாசம் வரும்."

பிரகதீஸ்வரியே இப்போது எண்ணெய்ப் பேச்சை எடுக்காமல் அவர் தோளைத் தொட்டாள்.

பிளெஸ்ஸி துப்பாக்கியில் இருந்த நம்பரைப் படித்தாள். லைசென்ஸைப் பார்த்தாள். பழைய ரிஜிஸ்டர் ஒன்றை எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். அப்புறம் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஐயா, ஒங்க குண்டுல ஒரு கொறையும் இல்லங்க, மொதல்ல வாங்குன கெட்டி ஈயமே சரிதான். போன எலெக்சன் முடிஞ்சு திருப்பிக் குடுக்கையில நாங்கதான் மாத்திக் குடுத்துட்டோம்; ஒங்கப்பா துப்பாக்கி அந்தா ஒக்காந்திருக்காரே, அந்த அடைக்கலம் ஐயாட்ட இருக்கு, குண்டு லொடலொடன்னு ஆடுதுன்னு காலையிலேர்ந்து ஒவ்வொன்னுக்கா நூல் சுத்திக்கிட்டு இருக்காரு!"