அவனியாபுரத்து விசா

கயல், அன்பு, ரெண்டு பேரும் போனைக் கீழே வைத்துவிட்டு இதைக் கொஞ்சம் படியுங்கள். "வெளிநாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு யோசனைகள்" என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்று கயல் என்னிடம் வந்து நின்றாள். நான் பத்தாவதோடு நின்றவன். கட்டுரைக்கும் எனக்கும் தூரம் அதிகம். ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு யோசனை சொல்வதையே உயிராக வைத்திருந்த ஒரு மனிதரிடம் பதினொரு வருஷம் மெக்கானிக்காக இருந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் அவர் சுவரைத் தடவித் தடவி நடந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அதனால் கட்டுரைக்கு உதவுகிறதோ இல்லையோ, இதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இந்தியாவுக்குள் வருவதற்கு அரசாங்கம் விசா கொடுக்கும். இந்தியாவின் ரோட்டில் ஏறுவதற்கு விசா கொடுக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவனியாபுரத்தில், பஞ்சர் கடைக்கும் இளநீர்க் கடைக்கும் நடுவில், நாலு புல்லட்டுகளை வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த எங்கள் விசா அண்ணன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் அவருக்கே மறந்திருக்கும் என்பது என் எண்ணம்.

விமானத்தை விட்டு இறங்கி, தோளில் பையோடு, "பைக்?" என்று கேட்டுக்கொண்டு வருவான் ஒரு ஆறடி வெள்ளைக்காரன். வேறு கடையாக இருந்தால் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விசா அண்ணன் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையில் கொடுப்பார். "சிட்" என்பார். முக்கில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ரோட்டைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். முடிந்ததும் வந்து கேள்வி கேட்பார்.

"ஹவ் மெனி பீப்பிள் லுக் மிர்ரர்?"

அவன் பாவம், எட்டு பேர், பத்து பேர் என்று எண்ணி வைத்திருப்பான். அண்ணன் முகம் வாடிவிடும்.

"நோ! நோபடி லுக் மிர்ரர். மிர்ரர் ஃபார் தலை சீவிங்." என்னைத் திரும்பிப் பார்ப்பார். "மாப்ள, தலை சீவுறதுக்கு என்னடா இங்கிலீஷு?"

பின்னால் வருகிறவனை நம் ஊரில் யாரும் கண்ணாடியில் பார்ப்பதில்லை, காதால் பார்க்கிறார்கள் என்பதுதான் அவருடைய முதல் பாடம். வந்தவர்கள் ஹாரன் அடித்தால் திட்டுகிறார்கள் என்று நினைத்து, முகம் சிவந்து, திரும்பி முறைப்பார்கள். அண்ணன் வாயாலேயே ஹாரன் அடித்துக் காட்டுவார். ஒரு சின்ன 'பீப்' என்றால் "நான் இங்கன இருக்கேன்." ரெண்டு 'பீப்' என்றால் "அண்ணே, கொஞ்சம் தள்ளுங்க." விடாமல் அடித்தால், "எனக்கு பிரேக் பிடிக்கலப்பா, நீயாச்சும் பிழைச்சுப் போ." இதை நடுரோட்டில் நின்று அவர் அடித்துக் காட்டும்போது உண்மையான லாரிக்காரர்களே ஒதுங்கியிருக்கிறார்கள்.

ரெண்டாவது பாடம், வழி கேட்பது. "இது மேலூர் ரோடா?" என்று கேட்கவே கூடாது. விருந்தாளி மனசு நோகக் கூடாதென்று நம் ஆட்கள் "ஆமா ஆமா" என்று தலையாட்டிவிடுவார்கள். "மேலூருக்கு எப்படிப் போகணும்?" என்றுதான் கேட்க வேண்டும். அதுவும் மூன்று பேரிடம். அதில் ரெண்டு பேர் ஒரே பக்கம் கை காட்டினால் போகலாம். "இந்தா, பக்கந்தான்" என்று யாராவது சொன்னால் உடனே பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பாடத்தை ஒரு ஜெர்மன்காரர் தன் உடம்பால் எழுதினார். திருமங்கலம் பக்கம் கிராமத்து ரோட்டில் கானப்பயறுச் செடியைப் பிடுங்கி ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறித்தான் பயறு உதிரும். அந்த மனிதர், ஐயோ, உணவுப் பொருள் ஆயிற்றே என்று மரியாதையாக ஓரத்தில் இறங்கி ஓட்டினார். நேராக வாய்க்கால். நானும் அண்ணனும் போய்த் தூக்கினோம். பயறுக்குச் சொந்தக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"ஊர்ல உள்ள பஸ்ஸு லாரி எல்லாம் நம்ம பயறு மேல ஏறிப் போகுது. இவருக்கு மட்டும் என்ன, சக்கரம் அழுக்காயிருமாக்கும்? அம்புட்டு ராங்கியா?"

அன்றிலிருந்து பரீட்சையில் ஒரு கேள்வி கூடியது. கடைக்குப் பின்னால் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் மெதுவாக, நேராக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் தேறினால் முன்னங்கையை நீட்டச் சொல்லி ஒரு ரப்பர் முத்திரை குத்துவார். சிம்மக்கல்லில் ஒரு கடையில் ஆசையாக வாங்கி வந்தது அது. கடைக்காரர் தயாராக வைத்திருந்ததில் எதையோ எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் 'பெறப்பட்டது' என்று இருக்கும். எத்தனை நாட்டுக்காரர்கள் கையில் 'பெறப்பட்டது' என்ற முத்திரையோடு கன்னியாகுமரி வரை போய் வந்திருக்கிறார்கள் தெரியுமா!

அண்ணன் பாரபட்சம் பார்க்கிறவர் இல்லை. எதிர்ப்பக்கம் நிற்கிற டவுன் பஸ்ஸின் பெயர்ப் பலகையைப் படிப்பதும் பரீட்சையில் உண்டு. தமிழ் தெரியாதவர்களுக்கு நம்பர் மட்டும். ஒருநாள் அவரே சும்மா படித்துப் பார்த்தார். "திருமங்கலம்" என்றார். திருப்பரங்குன்றம் பஸ் அது. நான்தான் சொன்னேன். பிறகு தன் வண்டிச் சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "மாப்ள, எனக்கு விசா ரத்து" என்றார். அதற்கப்புறம் அவர் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை.

எல்லாப் பாடத்திலும் கஷ்டமான பாடம் லைட். எதிரே வருகிற வண்டி லைட்டை அடித்து அடித்து அணைத்தால், அவர்கள் ஊரில் "நீங்கள் முதலில் வாருங்கள்" என்று அர்த்தமாம். நம் ஊரில் "நான் வாரேன், நீ நில்லு" என்று அர்த்தம். அதாவது அங்கே 'வா'. இங்கே 'வாரேன்'. ரெண்டெழுத்துதான் கூட. அந்த ரெண்டெழுத்தில் ஆளே போய்விடலாம்.

இங்ரிட் அம்மா என்று ஒருவர் வந்தார். நார்வேயில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைத் தலை, எப்போதும் சிரித்த முகம். கப்பலூர் தொழிற்பேட்டைக்குள் ஞாயிற்றுக்கிழமை ரோடு காலியாக இருக்கும். அங்கே வைத்துப் பரீட்சை. நான் எதிரிலிருந்து லைட்டை அடித்துக்கொண்டு வர வேண்டும். வந்தேன். அந்த அம்மா சந்தோஷமாகக் கையை ஆட்டி "தேங்க் யூ!" என்று சொல்லிக்கொண்டே நேராக என் மேல் வந்தார். நான் கருவேலம் புதருக்குள் போனேன். ரெண்டாவது தடவையும் "தேங்க் யூ", ரெண்டாவது தடவையும் புதர்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அம்மா! லைட் மீன்ஸ் நோ 'வா'. லைட் மீன்ஸ் 'வாரேன்'. சே!"

"வாரேன்" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே இடது காலைத் தரையில் ஊன்ற வேண்டும். வாரேன், கால். வாரேன், கால். சாயங்காலம் வரைக்கும் இதுதான். மறுநாள் கையில் முத்திரை விழுந்தது. என் முழங்கையில் முள் எடுத்து முடிய இன்னும் ரெண்டு நாள் ஆனது.

அதற்கடுத்த நாள் பொங்கல். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. எங்கள் தெரு வாசல் வரை தடுப்புக் கட்டி, காளைகளை ஏற்றி வந்த வண்டிகள் வரிசை கட்டி நின்றன. ஷேர் ஆட்டோ ஒன்றுகூட உள்ளே வர முடியாது. ஊரில் உள்ள ஆம்பளைகள் மொத்தப் பேரும் வாடிவாசலில். கடையின் மூன்று புல்லட்டுகள் தடுப்புக்கு உள்ளே மாட்டிக்கொண்டன. என் வண்டியின் எஞ்சின் கழற்றி வைத்தபடி ஒரு தட்டில் கிடந்தது. இங்ரிட் அம்மாவின் வண்டி மட்டும் கடைக்குப் பின்சந்தில் தயாராக நின்றது.

பத்து மணிக்கு என் போன் அடித்தது. உங்கள் தாய்மாமன்.

"மச்சான், அக்காவுக்கு வலி வந்துருச்சு. சிம்மக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். சீக்கிரம் வாங்க. இருங்க, அக்கா பேசணுமாம்."

கயல், நீ பிறந்த அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு பிரெஞ்சுக்காரருக்கு பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதை உன் அம்மா அதுவரை மன்னிக்கவில்லை. இந்தப் பிரசவத்துக்குக் கட்டாயம் இருப்பேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். நாள் இன்னும் ரெண்டு வாரம் இருந்தது, அந்தத் தைரியம்.

உங்கள் அம்மாவின் குரல் வலியிலும் தெளிவாக இருந்தது. "இந்தத் தடவையும் வரலைன்னா, பிள்ளைக்கு அப்பா பேரு எழுதுற இடத்துல 'பஞ்சர்'னு எழுதச் சொல்லிருவேன். ஆமா."

நான் சந்துக்கு ஓடினேன். சாவி அண்ணன் கையில்.

"அண்ணே, சாவியக் குடுங்க. அவளுக்கு வலி வந்துருச்சு."

"கைய நீட்டு."

"அண்ணே!"

"நீட்டுடா."

நீட்டினேன். காற்றில் ஆடுகிற வேப்பிலை மாதிரி நடுங்கியது. அண்ணன் அதைப் பார்த்தார்.

"உனக்கு விசா இல்ல மாப்ள."

"பொண்டாட்டிக்கு வலின்னு சொல்றேன், விளையாடுறீகளா?"

"அதனாலதான் இல்லேங்குறேன். இந்தக் கையோட நீ வில்லாபுரம் தாண்ட மாட்ட. அந்தப் புள்ளைக்கு நீ முழுசாப் போய்ச் சேரணும்டா."

பிள்ளைகளே, அன்றைக்கு அவரை நான் என்னென்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. குருட்டுப் பயல் என்றும் சொன்னேன். அவர் காளை பார்ப்பதற்காகத் தலையில் தொப்பியோடு வந்து நின்ற இங்ரிட் அம்மாவிடம் சாவியை நீட்டினார்.

"அம்மா, யூ டேக் ஹிம். ஹிஸ் பேபி கமிங். நோ மோர் தேன் தர்ட்டி."

பொங்கலன்று மதுரைக்குள் ஒரு வெள்ளைக்கார அம்மா புல்லட் ஓட்ட, பின்னால் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் அழுதபடி போன காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கரும்பு கடித்துக்கொண்டு நின்ற ஒருவன் கத்தினான்.

"மாப்ள! யாருடா அது, மாமியாரா?"

"ஃபாஸ்ட், ஃபாஸ்ட்!" என்று நான் கெஞ்சினேன்.

"விசா சேஸ் தர்ட்டி" என்றார் அந்த அம்மா. ஸ்பீடாமீட்டர் முள் முப்பதை விட்டு அசையவில்லை. ஒரு சைக்கிள் எங்களை முந்தியது.

தெற்குவாசல் பாலத்தில் ஏறும்போது எதிரே ஒரு டவுன் பஸ், முன்னால் போன லாரியை முந்திக்கொண்டு, எங்கள் பக்கத்தில் வந்தது. வந்ததோடு லைட்டை அடித்தது. எனக்குக் கப்பலூர்ப் புதர் கண்முன்னால் வந்தது. இங்கே புதர்கூடக் கிடையாது, கைப்பிடிச் சுவர்தான். கண்ணை மூடிக்கொண்டு அந்த அம்மாவின் சட்டையைப் பிடித்தேன். "தேங்க் யூ" என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

"வாரேன்!" என்று ஒரு சத்தம் கேட்டது. வண்டி இடது ஓரமாக ஒதுங்கியது. கால் தரையில் ஊன்றியது. பஸ் என் வேட்டி நுனியை ஆட்டிவிட்டுப் போனது.

கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வண்டியை நான் ஓட்டியிருந்தால் எழுபதில் போயிருப்பேன், பிள்ளைகளே. எழுபதில் போகிறவனுக்கு ஓரத்தில் ஒதுங்க நேரம் கிடையாது. அது எனக்கு அந்தப் பாலத்தில்தான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

"எப்பிடி வந்தீக? ரோடெல்லாம் அடைச்சுக் கிடக்காமே?"

"ஒரு நார்வேக்கார அம்மா வண்டியில கொண்டாந்து விட்டாக."

"நானே வலியில கிடக்கேன், கேலி பண்ணாதீக" என்றாள். ஆனால் என் கையை விடவில்லை. கதவு வரைக்கும் விடவில்லை. இருபது நிமிஷத்தில் அன்பு அழுத சத்தம் கேட்டது. விடாமல் அடித்த ஹாரன்தான்.

மூன்று மணிக்குக் கீழே இறங்கி வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் விசா அண்ணன். குனிந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டிக்கிடந்தது.

"எப்பிடிண்ணே வந்தீக?"

"நடந்துதான். ஆட்டோ எங்க கிடைக்குது? சும்மா வண்டியப் பாத்துட்டுப் போவம்னு வந்தேன்." வண்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார். "என்ன புள்ள?"

"பையன்."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்காக."

"சரி, அப்ப வண்டிக்கும் ஒண்ணும் ஆகல" என்றார்.

காலையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "டீ வாங்கிட்டு வாடா, நாக்கு வறண்டு போச்சு" என்றார். டீயோடு வந்தபோது வராந்தா பெஞ்சில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மேலே இங்ரிட் அம்மா அன்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ நார்வே தாலாட்டுப் பாடுவது கேட்டது. வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

பெஞ்சுக்குக் கீழே அவருடைய செருப்பு கிடந்தது. வலது கால் வார் அறுந்து, வழியில் எங்கேயோ எடுத்த சணல் கயிற்றால் கட்டியிருந்தது. கயிறும் பாதி தேய்ந்திருந்தது. டீயை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற மெல்லிசுக் கம்பியை எடுத்து, வாரை இழுத்துச் சேர்த்து, கம்பி முனை அவர் காலில் குத்தாதபடி உள்பக்கமாக மடக்கி முறுக்கினேன். கை நடுங்கவே இல்லை. செருப்பைத் துடைத்து, அவர் எழுந்ததும் கால் வைக்கிற இடமாகப் பார்த்து, ஜோடியாக வைத்தேன்.