கன்வெர்ட் ஆக மறுத்த கோப்பு

மணவாளக்குறிச்சியில் 'வேண்டாம்' என்று சொல்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரே மனிதர் நோ அண்ணன்தான். டி.டி.பி. கடை அவருக்குப் பக்கத்தொழில்.

முதுகலை ஆய்வுக்காக நான் திரட்டிய மீனவர் சொற்கள் முழுவதும் அவருடைய கணினியில், பழைய வடிவத் தரவுக் கோப்பு ஒன்றில் இருந்தன. மென்பொருள் மட்டும் புதிது. ஆகவே, கோப்பைத் திறக்கும்போதெல்லாம் அது கேட்கும்: 'புதிய வடிவத்துக்குக் கன்வெர்ட் செய்யவா? செய்தால் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது.' அண்ணன் திரையை நோக்கி உரக்க "நோ" என்பார். பிறகுதான் பொத்தானை அழுத்துவார்.

காரணம் கேட்டேன்.

"எங்க குடும்பம் நானூறு வருசத்துக்கு முந்தியே ஒரு தடவ கன்வெர்ட் ஆயாச்சு மக்ளே. ஒரு வம்சத்துக்கு அது போரும்."

கல்லூரியிலோ புதிய வடிவத்தைத்தான் ஏற்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் எனக்கு ஓராண்டு வீண். இதைச் சொன்னதும் அண்ணன் விஷயத்தைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார். பங்குக் குருவானவரிடம் போனார். கோப்புக்கு ஆன்மா கிடையாது என்று அவர் சொன்னது அண்ணனுக்குத் திருப்தியளிக்கவில்லை. குவைத்தில் கிரேன் ஓட்டும் மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தார். "அவனும் யோசிக்கணும்னுதான் சொல்லுகான்." புதன்கிழமை மின்சாரம் போயிற்று.

"பாத்தியா? பாதியில கரண்டு போயிருந்தா? மோட்சத்துலயும் இல்லாம நரகத்துலயும் இல்லாம நடுவுல உத்தரிக்கிற ஸ்தலத்துலல்லா கெடந்திருக்கும்!"

மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத நான், வியாழன் மாலை மெல்லச் சொன்னேன்: "ஒரு காப்பி எடுத்துட்டு, அந்தக் காப்பிய மட்டும் மாத்தலாமே அண்ணா."

"அப்ப பழசு?"

"பழசு பழசாவே இருக்கும்."

"இத முந்தியே சொல்லியிருக்கலாம்லா ஏட்டி! ஃபாதர் வரைக்கும் போயி நாணங்கெட்டேனே!"

மாற்றம் நடந்து முடியும்வரை எழுந்து நின்றார். கணினி புதுக்கோப்புக்குப் பெயர் கேட்டது. "பேரு வைக்க ஞானத்தகப்பன் வேணும்லா, நான் நிக்கேன்" என்று என் பெயரையே சூட்டினார். கடைசியாக ஒன்று சரிபார்க்க வேண்டுமென்று என்னை வாசலில் நிற்கவைத்துவிட்டு ஏதோ தட்டச்சு செய்தார். பிறகு குறுந்தகட்டை நீட்டினார்.

"இனி கடைக்கு வருவியா?"

குறுந்தகட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

மறுநாள் கல்லூரியில் என் நெறியாளர் கடைசிப் பதிவில் வந்து நின்றார். நான் சேர்க்காத பதிவு அது.

சொல்: நோ. பொருள்: போகவிட மனசில்லாதவன் சொல்லுவது. சொன்னவர்: நோ அண்ணன்.

"இத மட்டும் எடுத்துரும்மா" என்றார் நெறியாளர்.

வாழ்வில் முதன்முறையாக, ஒருவர் முகத்துக்கு நேரே, உரக்க, "நோ" என்றேன்.