கண்ணாடியில் ஒரு பொத்தான்

நாலாவது நாளாகக் கதவு திறக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் காருக்குள் உட்கார்ந்தபடி கராஜ் கதவைப் பார்த்து ரிமோட்டை நீட்டி நீட்டி அமுக்கினார். கீழே இறங்கி, கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்று அமுக்கினார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு அமுக்கினார். கதவு அசைந்து கொடுக்கவில்லை.

"எட்டு மாசமா ஒழுங்காத்தானே இருந்தே? இப்ப என்ன கேடு உனக்கு?" என்று ரிமோட்டைத் திட்டினார்.

அப்படி ஒன்றும் ஒழுங்கில்லை. தெருமுனை திரும்பியதுமே அமுக்க ஆரம்பிப்பார். சில நாள் முதல் அமுக்கலில் திறக்கும். சில நாள் பத்து அமுக்கு அமுக்க வேண்டியிருக்கும். ஆனால் திறக்காமல் இருந்ததில்லை.

முன்பெல்லாம் இந்த வேலையே அவருக்குக் கிடையாது. கார்ச் சத்தம் கேட்டதும் மனைவி சமையலறை ஜன்னலில் நின்று தன் ரிமோட்டை அமுக்குவாள். பத்தொன்பது வருஷம் அப்படித்தான். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று புது ரிமோட் ஒன்றை அவர் கையில் கொடுத்து, "இனிமே நீங்களே திறந்துக்கணும்" என்றாள். திரும்பி வரவில்லை.

அன்று வாசல் வழியாகத்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வழியாகத் தனியே உள்ளே நுழைய அவருக்கு மனம் வருவதில்லை. கராஜ் கதவு மேலே ஏறும் அந்த அரை நிமிஷம் மட்டும் உள்ளே ஆள் இருப்பதுபோல் இருக்கும். அதற்காகவே கடையைச் சாத்திவிட்டு ஏழு மணிக்கு டாணென்று வந்துவிடுவார்.

யாரிடமாவது யோசனை கேட்கலாமென்றால், எதிர்வீட்டு டீச்சரும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வேறு வழியில்லாமல் வாசல் கதவைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. கார் எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்.

"ரிமோட்டே வேணாம் சார். பின்னாடி பாக்குற கண்ணாடியை மாத்திட்டு, அதுலயே பொத்தான் வெச்சுடலாம். தொலையவும் தொலையாது, விழவும் விழாது" என்றார் எலக்ட்ரீஷியன்.

"நான் அமுக்கினா திறக்குமில்ல?"

"யாரு அமுக்கினாலும் திறக்கும் சார்."

கண்ணாடி மாட்டி முடிந்தது. பழைய ரிமோட்டைப் பக்கத்தில் வைத்து அமுக்கினால் கண்ணாடி அதன் பாஷையைக் கற்றுக்கொள்ளுமாம். கற்றுக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் ரிமோட்டின் முதுகைத் திறந்தார்.

"சார், பேட்டரிக்கு நடுவுல இருக்குற பிளாஸ்டிக் பட்டையை நீங்க உருவவே இல்லையே! வாங்கினது வாங்கினபடி இருக்கு."

"எந்தப் பட்டை?"

"உள்ள இருந்த காகிதத்துல போட்டிருப்பாங்களே, படிக்கலையா?"

மருந்துக்கு உள்ளே இருக்கும் காகிதத்தைப் படித்தீர்களா என்று தினம் நாற்பது பேரைக் கடிந்துகொள்கிறவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அதெப்படி? எட்டு மாசமா இதாலதானே திறந்தேன்!"

எலக்ட்ரீஷியன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். தனியாக இருக்கிற மனிதர், எதையோ சொல்கிறார் என்று விட்டுவிட்டார்.

"இருக்கும் சார்" என்றார்.

பட்டையை உருவிய பிறகும் கதவுக்கு அந்த ரிமோட்டை அடையாளம் தெரியவில்லை. அப்படியானால் மேலே மோட்டாரில் இருக்கிற மஞ்சள் பொத்தானை அமுக்கி, கதவையே கண்ணாடிக்குப் பழக்க வேண்டும்.

"ஏணியில ஏறி அதை ஒரு தடவை தொட்டுட்டு விட்டுடுங்க. மிச்சத்தை நான் கார்ல இருந்து பாத்துக்கறேன்."

ஏறினார். ஏணி ஆடியது. ஒரு செருப்பு கழன்று எலக்ட்ரீஷியனின் பெட்டிக்குள் விழுந்தது. சீக்கிரம் குணமாக வேண்டுமென்று மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பொத்தானைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தார். மோட்டாரில் இருந்த சின்ன விளக்கு அணைந்தது.

"ஐயோ, விடுங்க சார்! அத்தனையும் அழிஞ்சுபோச்சு!"

"எது அழிஞ்சுபோச்சு?"

"இதுவரைக்கும் எந்த ரிமோட்டையெல்லாம் கதவு ஞாபகம் வெச்சிருந்துச்சோ, எல்லாம். இனிமே பழசு எதுவும் செல்லாது."

மருந்துக்கடைக்காரர் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பழசு ஒண்ணே ஒண்ணுதான். அவளோடது. அவ போனதுலேருந்து அதைத் தேடாத இடமில்லை. எங்க வெச்சாளோ."

"அதான் தொலைஞ்சுபோச்சே சார், அப்புறம் என்ன?"

தொலைந்ததுதான். ஆனால் அவள் ரிமோட் எந்த அலமாரியில் கிடந்தாலும் இந்தக் கதவு அதை ஞாபகம் வைத்திருக்கிறது என்பது அவருக்கு ஒரு ஆறுதலாக இருந்தது. அதையும் தன் கையாலேயே அழித்துவிட்டோமே என்று அழுகை வந்தது. ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்து அழ வெட்கமாக இருந்ததால் இருமினார்.

மறுபடி ஏறி, இந்தத் தடவை பட்டும்படாமல் தொட்டார். கண்ணாடியில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு ஏறி இறங்கியது.

"கதவுகிட்ட வந்து நின்னு அமுக்குங்க சார். தெருமுனையில இருந்து அமுக்கினா கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார் எலக்ட்ரீஷியன்.

அடுத்த நாள் மாலை ஏழு மணி. தெருமுனை திரும்பியபோது பழக்கதோஷத்தில் எழுந்த கையை அடக்கிக்கொண்டார். கதவுக்கு முன்னால் வந்து நின்று அமுக்கினார். ஒரே அமுக்கு. சட்டென்று திறந்துகொண்டது.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கடை ஷட்டரைத் தூக்கியது போலத்தான் இருந்தது. உள்ளே யாருமில்லை என்பது அந்தத் திறப்பிலேயே தெரிந்தது. எட்டு மாதமாக இருந்த ஏதோ ஒன்று இன்று இல்லை. காரை உள்ளே விடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

யாரோ கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். எதிர்வீட்டு டீச்சர், முட்டிவலியோடு தெருவைத் தாண்டி வந்து மூச்சு வாங்க நின்றிருந்தார். கையில் மருந்துக்கடைக்காரரின் கடை மாத்திரைக் கவர் ஒன்று, கசங்கி நைந்து போயிருந்தது. காலை, மதியம் என்று அச்சடித்த கட்டங்களில் பூஜ்யம். மாலைக் கட்டத்தில் ஒன்று. அது அவர் மனைவியின் கையெழுத்து.

டீச்சர் கவருக்குள்ளிருந்து ஒரு பழைய ரிமோட்டை எடுத்து நீட்டினார்.

"தம்பி, 'அவருக்கு இதெல்லாம் வராது டீச்சர், கார் முனை திரும்பினதும் நீங்களே திறந்துவிட்டுடுங்க'ன்னு உங்க வீட்டுக்காரம்மா என்கிட்ட குடுத்துட்டுப் போனது, நான் ஊருக்குப் போன இந்த அஞ்சு நாளைத் தவிர ஒரு நாள்கூடத் தவறாம ஜன்னல்ல நின்னு அமுக்கிக்கிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் என்னன்னு தெரியல, திறக்கவே மாட்டேங்குது."