பச்சை ட்ரக்கில் போன பரிசம்

காக்கிச் சட்டை போட்ட புதிதில் எந்த மனிதனுக்கும் தலை கொஞ்சம் பெருத்துவிடும். எனக்குத் தொப்பியே பத்தாத அளவுக்குப் பெருத்திருந்தது. தெமோதரையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து பொலிசுக்குப் போன முதல் ஆள் நான்தான். (அதுவரைக்கும் பொலிஸ்தான் எங்கள் ஆட்களைத் தேடி லயத்துக்கு வரும்.)

பதுளைப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேசனில் டிரைவர் வேலை. வடக்கே சண்டை முடிந்த பிறகு, ஆமிக்காரர்களுக்கு மிஞ்சிய சாமான்களைப் பொலிசுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் பங்குக்கு ஒரு மூட்டை ஹெல்மெட்டும் ஒரு பழைய ட்ரக்கும் வந்தன. நீலப் பெயின்ட் வரும் வரும் என்றார்கள், வரவேயில்லை. கதவில் மட்டும் 'பொலிஸ்' என்று எழுதிவிட்டு, ஆமிப் பச்சையிலேயே ஓட்டினேன்.

அந்த நேரம்தான் மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்குப் புஷ்பராணியைப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்கப் போனபோது தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனவள்தான், அதற்குப் பிறகு பார்க்கவில்லை. பரிசம் போட வேன் பேசியிருந்தார் என் தாய்மாமா. அதே நாளில் அந்தத் தோட்டத்துக்கு, மண் சரியும் என்று பயந்த லயங்களுக்காக, கூடாரம் அடிக்கத் தறப்பாள் கொண்டுபோக வேண்டியிருந்தது. எங்கள் ஸ்டேசன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. தங்கமான சிங்கள மனிதர். நான் தலையைச் சொறிந்ததும், போற வழிதானே, வீட்டாட்களையும் ஏற்றிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டார்.

"வேனே போதும்டா. அந்தத் தோட்டத்து ஆளுங்க பழசெல்லாம் பாத்தவங்க" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க மாமா. இந்த ட்ரக்கப் பாத்தா பொண்ணு வீட்டுல வாயடைச்சுப் போயிருவாங்க." (அது மட்டும் சொன்னபடியே நடந்தது.)

நான் முழு யூனிபோமில். பக்கத்தில் மடியில் பரிசத் தட்டோடு அம்மா. பின்னால் மாமாவும் சொந்தக்காரர்களும். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சேறு அடித்துக் கதவிலிருந்த 'பொலிஸ்' மறைந்துபோனது. கடைசி வளைவில், மாப்பிள்ளை வருகிறார் என்று தெரியட்டுமே என ஹோர்னை நீளமாக அடித்தேன்.

லயத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. பந்தலில் பாதி கட்டிய தோரணம் தொங்குகிறது, அடுப்பில் சோறு பொங்கி வழிகிறது, ஆளைக் காணவில்லை. அந்த நேரம் பார்த்து ட்ரக்கின் பின்னாலிருந்து மாமாவும் மற்றவர்களும் திபுதிபுவென்று குதித்தார்கள். மழைக்காக எல்லாரும் ட்ரக்கில் கிடந்த ஆமி ஹெல்மெட்டை மாட்டியிருந்தார்கள்.

நான் சேறு தெறிக்க இறங்கி வாசலுக்குப் போனதும் ஒரு கதவு திறந்தது. தலை நிறையப் பூவும் கையில் தேயிலை வெட்டும் கவாத்துக் கத்தியுமாகப் புஷ்பராணி. தொப்பியிலும் சேற்றிலும் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரத் தேடி வந்தீங்க?"

"உங்களத்தான்" என்றேன்.

உலகத்திலேயே அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது. கத்தி உயர்ந்தது. நல்ல வேளை, அம்மா தட்டோடு இறங்கி ஓடி வந்தார். "அடி ஆத்தா, நாங்கதான்டி! பரிசம் போட வந்திருக்கோம்!"

தட்டைப் பார்த்ததும் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அப்பாவை அவருடைய இளவயதில் இதே மாதிரி ஒரு பச்சை ட்ரக்கில்தான் ஆமிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஒரு குற்றமும் செய்யாதவர். திரும்பி வந்த நாளிலிருந்து கால் ஒன்று மடங்காது. வளைவில் ட்ரக்கைக் கண்டதும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடியிருக்கிறார்.

"இனி அப்பா எப்படிங்க ஒத்துக்குவாரு?" என்று அவள் கேட்டபோது எனக்கு உயிரே போய்விட்டது.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு மழையில் தேயிலைக்குள் இறங்கினார். "அண்ணே! வெத்தல நனையுதுங்க அண்ணே! அந்தச் சட்டையக் கழட்டச் சொல்லிட்டேன், வாங்க!"

அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே அவசரமாகத் தொப்பியையும் சட்டையையும் கழற்றிவிட்டு பனியனோடு நின்றேன். வெகுநேரம் கழித்துத் தேயிலைச் செடிகள் அசைந்தன. அவர் வந்தார், காலெல்லாம் அட்டை. முதலில் ட்ரக்கைப் பார்த்தார். பிறகு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"காய்ச்சல் வந்துரும் தம்பி. உள்ள வாங்க."

எனக்குப் பொத்தான் எட்டாத அவருடைய சட்டையில்தான் பரிசம் நடந்தது.

திரும்பும்போது ட்ரக் கிளம்ப மறுத்தது. லயமே வந்து தள்ளியது. மாமனாரும் நொண்டிக்கொண்டே வந்து கை வைத்தார். "அன்னைக்கு என்னைய இதுக்குள்ள தள்ளுனாங்க. இன்னைக்கு நான் இதத் தள்ளுறேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்கும் சிரிக்கத் தைரியம் வந்தது.

இன்றைக்கும் டியூட்டி முடிந்து வந்து கதவைத் தட்டினால், "யாரத் தேடி வந்தீங்க?" என்று உள்ளேயிருந்து புஷ்பராணி கேட்பாள். "உங்களத்தான்" என்று சொன்னால்தான் கதவு திறக்கும். இப்போது மகளும் கேட்கப் பழகிவிட்டாள். மாமனார் வந்து தங்கும் நாட்களில் அவர் கேட்பார். அவருக்கு மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொல்வேன்.